சாகாவின் ஜாதகம்

“புரோட்டோன் சாகா எந்தக் காடியோட பிள்ளை? சொல்லு தம்பி.”

சுங்கை பினாங் பக்கத்துப் பட்டறைகளில் பழைய கார் பைத்தியங்கள் நாலு பேர் சேர்ந்துவிட்டால், புதிதாக வந்தவனின் சரக்கைப் பார்க்க முதலில் வீசும் கேள்வி இப்படித்தான் இருக்கும். “மிட்சுபிஷி லான்சர்” என்று சொன்னால் பாதி மார்க்கு. லான்சர் என்ற பெயரில் மிட்சுபிஷி எத்தனையோ உடம்புகளை விற்றிருக்கிறது, அதில் எது? லான்சர் ஃபியோரே, 1983-இல் வந்த இரண்டாம் தலைமுறை, மிராஜ் குடும்பத்து நாலு கதவு செடான் என்று முழுசாகச் சொன்னால்தான் உட்கார நாற்காலி கிடைக்கும்.

கார் அறிவைச் சோதிக்கும் இந்த விளையாட்டு உலகமெங்கும் நடப்பதுதான். ஃபெராரியின் குதிரை எங்கிருந்து வந்தது, பீட்டலின் எஞ்சின் முன்னால் இருக்கிறதா பின்னால் இருக்கிறதா என்று எந்த ஊரிலும் கேட்பார்கள். பினாங்கில் அது மலேசியாவின் முதல் தேசியக் காரான சாகாவைச் சுற்றி வருவதற்குக் காரணம் இருக்கிறது. தீவின் தெருக்களில் ஒரு தலைமுறையே அந்தக் காரில்தான் ஓட்டக் கற்றது. முதல் கார், கல்யாணக் கார், பிள்ளையைப் பள்ளியில் இறக்கிவிட்ட கார் எல்லாம் பல வீடுகளில் அது ஒன்றேதான். ஆகவே கேள்வி கேட்பவருக்கும் பதில் சொல்பவருக்கும் இது ஏட்டுச் சங்கதி இல்லை. முழங்கை வரை கிரீஸ் பட்ட சங்கதி.

இரண்டாவது கேள்வி கொஞ்சம் விஷமமானது. பானெட்டைத் தூக்கி, கம்பியை முட்டுக்கொடுத்து நிறுத்தி, போமன் (பட்டறை மெக்கானிக்) ஒருவர் எண்ணெய்த் துணியால் எஞ்சின் பிளாக்கைத் துடைத்துக் காட்டுவார். கரி போன இடத்தில் 4ஜி13 என்ற எழுத்து தெரியும். “13-னா என்ன?” “1.3 லிட்டர்ணே.” இங்கேதான் நிறையப் பேர் வழுக்குகிறார்கள். 4 என்றால் நாலு சிலிண்டர். ஜி என்றால் பெட்ரோல். 1 என்பது எஞ்சின் குடும்பத்தின் எண், ஓரியன் என்று பெயர் வைத்த குடும்பம். 3 அந்தக் குடும்பத்துக்குள் ஒரு வரிசை எண், அவ்வளவுதான். 1,298 சிசி கொள்ளளவோடு அது ஒத்துப்போனது தற்செயல். 4ஜி15-உம் 1,468 சிசி-யாக இருந்து தொலைத்ததால் இந்தத் தப்பு இன்னும் கெட்டியாக ஒட்டிக்கொண்டது. ஆனால் அதே குடும்பத்தில் 4ஜி12-ஐ எடுத்துப் பாருங்கள், அது 1.4 லிட்டர். பிற்காலத்தில் புரோட்டோன் வாஜாவில் வந்த 4ஜி18 வெறும் 1.6. இந்த இரண்டு எண்களையும் கையில் வைத்துக்கொண்டு எத்தனை பந்தயங்களை ஜெயிக்கலாம் என்று எனக்குத் தெரியும், சொல்லமாட்டேன்.

மூன்றாவது, புரோட்டோனின் பழைய முத்திரையில் இருக்கும் நட்சத்திரத்துக்கு எத்தனை முனை? புலித்தலை முத்திரை 2000-இல் வாஜாவோடு வந்தது. அதற்கு முன் பிறையும் நட்சத்திரமும்தான். நட்சத்திரத்துக்கு 14 முனை, தேசியக் கொடியில் இருப்பது போலவே. நாலாவது, பெயர் யார் வைத்தது? நாடு முழுக்க ஒரு பெயர்ப் போட்டி வைத்தார்கள். ஓய்வுபெற்ற ராணுவ வீரர் ஒருவர் எழுதி அனுப்பியது தேர்வானது. சாகா என்பது ஒரு மரத்தின் விதை. நம் ஊரில் ஆனைக்குன்றிமணி, மஞ்சாடி என்று சொல்லும் அதே சிவப்பு விதைதான். பொற்கொல்லர் தராசில் இரண்டு குன்றிமணிக்கு ஒரு மஞ்சாடி என்று நிறுத்த காலம் ஒன்று உண்டு. பினாங்குப் பிள்ளைகள் மரத்தடியில் பொறுக்கி டப்பாவில் சேர்த்து வைப்பார்கள். ஒரு தேசத்தின் முதல் காருக்கு வேங்கை, கழுகு என்றெல்லாம் வைக்காமல் விதையின் பெயரை வைத்தது எனக்குப் பிடித்த முடிவு.

இந்த நாலு கேள்விகளும் நல்ல கேள்விகள்தான். ஆனால் வினா விடை என்றாலே ஒரு சொல்லில் பதில் வேண்டும். சாகா பிறந்த கதை ஒரு சொல்லில் அடங்காது. அதன் ஜாதகத்தில் முக்கியமான கட்டம் ஒன்று இருக்கிறது, அதை எந்தப் போட்டியிலும் யாரும் கேட்டு நான் பார்த்ததில்லை. அதற்கு வருவதற்குள் கொஞ்சம் பின்னால் போக வேண்டும்.

மலாயாவில் கார் செய்யும் பழக்கம் சாகாவோடு தொடங்கவில்லை. ஃபோர்டு நிறுவனம் 1926-லேயே சிங்கப்பூரில் கார் பூட்டும் வேலையைத் தொடங்கிவிட்டது. புக்கிட் தீமாவில் அவர்கள் கட்டிய புதுத் தொழிற்சாலை 1941-இல் திறந்தது. சில மாதத்தில் ஜப்பானியர் வந்துவிட்டார்கள். 1942 பிப்ரவரி 15 அன்று பிரிட்டிஷ் ஜெனரல் பெர்சிவல் ஜப்பானிய ஜெனரல் யமாஷிதாவிடம் சரணடைந்து கையெழுத்திட்டது அந்தக் கார் தொழிற்சாலையில்தான். (இதுவும் ஒரு நல்ல கேள்வி. “பிரிட்டிஷ் சாம்ராஜ்யம் சிங்கப்பூரை இழந்த கட்டடத்தில் அதற்கு முன் என்ன செய்தார்கள்?”) சுதந்திரத்துக்குப் பிறகு 1967-இல் ஷா ஆலமில் வால்வோ பூட்டும் ஆலை வந்தது. அதைத் தொடர்ந்து பல கம்பெனிகள். எல்லாம் பெட்டியில் வந்த பாகங்களைப் பிரித்து, பூட்டி, சாயம் அடித்து அனுப்பும் வேலை. சின்னச் சந்தையில் அத்தனை கம்பெனியும் அத்தனை மாடலும் இருந்ததால் எந்த மாடலும் பெரிய எண்ணிக்கையில் ஓடவில்லை. எண்ணிக்கை இல்லாவிட்டால் உள்ளூரில் கதவுக் கைப்பிடி செய்கிறவனுக்குக்கூட முதல் திரும்பாது.

பினாங்குக்கு ஜப்பானிய வண்டிகளோடு இந்த ஆலைகளுக்கு முன்பே நல்ல பழக்கம். லோ பூன் சியூ என்று ஒருவர். சீனாவின் ஃபூஜியானிலிருந்து சிறு பையனாக இங்கே வந்தவர், எழுதப் படிக்கத் தெரியாதவர், பஸ் கழுவியும் மெக்கானிக் வேலை பார்த்தும் வளர்ந்தவர். பிறகு அவரே பஸ் கம்பெனிக்காரர் ஆனார். 1950-களின் கடைசியில் ஜப்பானில் ஹோண்டாவின் சின்ன மோட்டார் சைக்கிளைப் பார்த்து, விற்பனை உரிமையை வாங்கி வந்தார். தீவின் சந்துகளெல்லாம் அது நிறைந்தது. அவருடைய கம்பெனி பிறகு ஹோண்டா கார்களையும் கொண்டுவந்தது. ஆக, ஜப்பான்காரன் வண்டி என்றால் மட்டமானது என்ற பழைய எண்ணம் பினாங்கில் சீக்கிரமே செத்துப்போயிற்று. நல்ல எஞ்சினின் சத்தம் எப்படி இருக்கும் என்று கேட்டே சொல்லும் போமன்களும் அந்தக் காலத்திலேயே உருவாகிவிட்டார்கள்.

இனி மகாதீர். 1981 ஜூலையில் பிரதமர் ஆனார். அதற்கு முன் வர்த்தக, தொழில் அமைச்சராக இருந்தபோதே தேசியக் கார் என்ற எண்ணம் அவர் மண்டையில் ஏறிவிட்டது. 1982-இல் ‘கிழக்கை நோக்கு’ என்ற கொள்கையை அறிவித்தார். ஜப்பானையும் கொரியாவையும் பார்த்துக் கற்றுக்கொள்வோம் என்பது அதன் சாரம். 1983 மே 7 அன்று புரோட்டோன் பதிவானது. அரசின் கனரகத் தொழில் நிறுவனமான ஹைகோமுக்கு 70 விழுக்காடு, மிட்சுபிஷி மோட்டார்ஸுக்கு 15, மிட்சுபிஷி கார்ப்பரேஷனுக்கு 15.

கொஞ்சம் கடல் தாண்டிப் பார்த்தால், அதே நேரத்தில் இந்தியாவிலும் இதே கல்யாணம்தான் நடந்தது. மாருதி உத்யோகில் சுஸுகிக்கு 26 விழுக்காடு. 1983 டிசம்பர் 14-இல் முதல் மாருதி 800-இன் சாவியைக் கைமாற்றினார்கள். அதுவும் ஜப்பானியக் கார்தான், அதுவும் தேசத்தின் கார் என்றுதான் கொண்டாடப்பட்டது. ஆனால் சென்னையிலோ மதுரையிலோ மாருதி 800 ‘உண்மையில்’ சுஸுகி ஆல்டோதான் என்று யாரும் குத்திக்காட்டிச் சண்டை போட்டு நான் கேட்டதில்லை. இங்கே சாகாவைப் பற்றி அப்படிப் பேசாத காப்பிக்கடை கிடையாது. மாருதிக்குப் பக்கத்தில் போட்டியாக இருந்தவை அம்பாசடரும் பத்மினியும், இரண்டுமே கிழடுகள். சாகா வந்தபோதோ பக்கத்து நிறுத்தத்தில் டொயோட்டாவும் நிஸ்ஸானும் ஹோண்டாவும் ஏற்கெனவே நின்றுகொண்டிருந்தன. அவற்றுக்கு விழுந்த வரியில் சாகாவுக்குச் சலுகை கிடைத்தது. விலை குறைந்ததற்கு அது பெரிய காரணம். எரிச்சலுக்கும் அதுவே காரணம். அந்த எரிச்சல் முழுக்க நியாயமானது என்று சொல்லமாட்டேன், முழுக்க அநியாயம் என்றும் சொல்லமாட்டேன். மற்றக் கார்களைப் பூட்டி விற்றவர்கள் பெரும்பாலும் சீனர்கள். புதுக் கம்பெனி மலாய்க்காரர் உள்ளிட்ட பூமிபுத்ராக்களைத் தொழிலுக்குள் கொண்டுவர அரசு திறந்த வாசல். கார் சண்டைக்குள் அந்தச் சண்டையும் இருந்தது.

கம்பெனி பதிவானதற்கும் கார் வெளிவந்ததற்கும் இடையில் இரண்டு வருஷம், இரண்டு மாதம். ஒரு புதுக் காரை வெறும் தாளிலிருந்து வரைந்து எடுக்க அந்தக் காலத்தில் நாலைந்து வருஷம் ஆகும். ஆகவே வரைவதற்கே இடமில்லை. இருந்த ஃபியோரேயை எடுத்து முகத்தையும் பின்புறத்தையும் மாற்றியதுதான் நடந்தது. 1985 ஜூலை 9, ஷா ஆலம். சதுர முகம், செவ்வக விளக்கு, முன்சக்கர இயக்கம், கார்புரேட்டர் வைத்த 1.3 எஞ்சின். ஆலையிலிருந்து உருண்டு வந்த முதல் கார் கோலாலம்பூர் தேசிய அருங்காட்சியகத்தில் இருக்கிறது.

அதே வருஷம்தான் பினாங்குப் பாலமும் திறந்தது. அதுவரை தீவுக்குக் கார் வர வேண்டுமானால் பட்டர்வொர்த்தில் ஃபெர்ரிக்கு வரிசை கட்ட வேண்டும். குளுகோரையும் பிறையையும் இணைக்கும் பாலத்தின் மொத்த நீளம் 13.5 கிலோமீட்டர், அதில் கடல் மேல் மட்டும் 8.4. திறப்பு விழாவுக்கு மகாதீர் கொடி கட்டிய சாகாவைத் தானே ஓட்டிக்கொண்டு அதன் மேல் வந்தார். புதுப் பாலம், புதுக் கார், ஒரே படத்தில். இதைவிடச் செலவில்லாத விளம்பரம் வேறு கிடைக்குமா? பாலத்திலிருந்து நகரத்துக்குள் வரும் கடற்கரை நெடுஞ்சாலை சுங்கை பினாங் ஆறு கடலில் விழும் இடத்தைத் தாண்டித்தான் போகிறது. ஆயர் ஈத்தாம் பக்கமிருந்து வரும் தண்ணீரும் அருவிப் பக்கத்துத் தண்ணீரும் சேர்ந்து ஓடும் குட்டையான ஆறு. பல காலம் மூக்கைப் பிடித்துக்கொண்டுதான் கடக்க வேண்டியிருந்தது. ஒரு பக்கம் ஜெலுத்தோங், இன்னொரு பக்கம் பழைய ஊர். வண்டிகளை நம்பிப் பிழைக்கும் ஜனம் இங்கே எப்போதும் உண்டு.

சரி, யாரும் கேட்காத கேள்விக்கு வருவோம். சாகாவின் விலை எந்த நாணயத்தில் தீர்மானமானது?

மலேசிய வெள்ளி (ரிங்கிட்) என்று சொல்லத் தோன்றும். வாங்கியவன் வெள்ளியில்தான் கொடுத்தான். ஆனால் பாகங்கள் மிட்சுபிஷியிலிருந்து பெட்டி பெட்டியாக வந்தன, அவற்றின் கணக்கு யென்னில். தொழிற்சாலை கட்ட வாங்கிய கடனும் யென்னில். காரை ஜூலையில் வெளியிட்டார்கள். இரண்டரை மாதம்கூட ஆகவில்லை, 1985 செப்டம்பர் 22 அன்று நியூயார்க் பிளாசா ஓட்டலில் ஐந்து பணக்கார நாடுகள் கூடி, டாலரை இறக்கி யென்னை ஏற்றுவது என்று முடிவு செய்தன. அன்று ஒரு டாலருக்குச் சுமார் 240 யென். 1988-இல் அது 130-க்கு அருகில் வந்துவிட்டது. வெள்ளியும் அந்தக் காலத்தில் பலவீனம். அதாவது நேற்று வாங்கிய அதே பம்பர், அதே கியர்பாக்ஸ், அதே கடன் தவணை எல்லாம் கிட்டத்தட்ட இரட்டிப்பு விலை. மிட்சுபிஷி விலை ஏற்றவில்லை என்றாலும் ஏறிவிடும்.

வாங்குகிறவன் நிலைமையும் அப்படித்தான். 1985-இல் மலேசியப் பொருளாதாரமே சுருங்கியது. அக்டோபரில் உலக ஈயச் சந்தை நொறுங்கியது. செம்பனை எண்ணெய் விலையும் இறங்கியது. ஈயத்தையும் எண்ணெயையும் விற்றுக் கார் வாங்கும் நாட்டில் இரண்டும் ஒரே நேரத்தில் சரிந்தால் யார் கார் வாங்குவது? சிறிய கார்களின் சந்தையில் சாகா பெரும் பங்கைப் பிடித்தது உண்மை. பிடித்த சந்தை பாதியாய்ச் சுருங்கிக் கிடந்ததும் உண்மை. ஆலையின் கொள்ளளவு பெரிசு, ஓடியது சிறிசு. பிறந்த பிள்ளைக்கு மூன்று வயது ஆவதற்குள் கம்பெனி தத்தளித்தது. 1988-இல் மிட்சுபிஷியிலிருந்து கென்ஜி இவாபுச்சியைக் கொண்டுவந்து நிர்வாக இயக்குநராக உட்கார வைத்தார்கள். தேசியக் காரின் கம்பெனியை நடத்த ஜப்பானியர். அன்றைய பத்திரிகைகளில் அதற்குக் கிடைத்த வரவேற்பு எப்படி இருந்திருக்கும் என்று ஊகிக்கலாம்.

வெளிநாட்டில் விற்பது என்ற முடிவும் இந்த நெருக்கடியின் பிள்ளைதான். 1986 கடைசியில் பங்களாதேஷுக்குக் கொஞ்சம் போயின. 1989-இல் பிரிட்டனுக்கு. அங்கே நிறைய விற்றன என்பதையும் சொல்ல வேண்டும். மலிவு விலையில் ஜப்பானிய எஞ்சின் என்ற சங்கதி சிக்கனக்கார ஆங்கிலேயர்களுக்குப் பிடித்துப்போனது. உள்ளூரில் எதைச் சொல்லிக் குத்தினார்களோ அதையே அங்கே சொல்லி விற்றார்கள். அமெரிக்காவுக்கும் கொண்டுபோக ஒரு முயற்சி நடந்தது, கைகூடவில்லை. அதே காலத்தில் அதே மிட்சுபிஷியின் எஞ்சினை உரிமம் வாங்கிப் போட்டுக்கொண்டு ஹூண்டாய் எக்செல் அமெரிக்காவில் 1986-இல் மட்டும் ஒன்றரை லட்சத்துக்கு மேல் விற்றது. கொரிய வோன் யென்னைப் போல ஏறவில்லை, ஆட்கூலி குறைவு, ஏற்கெனவே போனி என்ற காரைச் சொந்தமாய்ச் செய்து பத்து வருஷம் அடிபட்ட அனுபவம். சாகாவும் எக்செலும் ஒரே பள்ளியில் ஒரே வருஷம் சேர்ந்த பிள்ளைகள். ஒன்று பின்னாளில் சென்னைக்குப் பக்கத்தில் இருங்காட்டுக்கோட்டையில் தொழிற்சாலை போட்டது. மற்றதற்கு என்ன நடந்தது என்று கேட்டால் பட்டறையில் கொஞ்ச நேரம் சத்தம் அடங்கும், பிறகு யாராவது கரம்ஜித் சிங்கை இழுத்து வருவார்கள். 2002-இல் புரோட்டோன் பெர்ட் ஓட்டி உற்பத்திக் கார்களுக்கான உலக ராலி பட்டத்தை வென்ற மலேசியர். அந்தக் காரின் அடியில் இருந்தது மிட்சுபிஷி எவொலூஷன் என்று நினைவூட்டினால் நீங்கள் அடுத்த முறை அழைக்கப்படமாட்டீர்கள்.

இவ்வளவு இடிபட்டும் சாகா நின்றதற்கு என் கணிப்பில் காரணம், விளம்பரமும் இல்லை, நாட்டுப்பற்றும் இல்லை. அந்த எஞ்சின். பழுதானால் பினாங்கில் எந்தப் போமனும் பிரிப்பார். பழைய ஜப்பானிய மிட்சுபிஷிகளின் பாகமும் அதில் ஏறும். ஆகையால் கடைவீதியில் உதிரிப் பாகத்துக்குப் பஞ்சமே வரவில்லை. டாக்சிக்காரர்கள் அதை ஓட்டி ஓட்டித் தேய்த்தார்கள், அது தேயவில்லை. கார்புரேட்டர் அடைத்தால் ஒரு ஸ்க்ரூடிரைவரோடு வேலை முடியும். கிளச் கேபிள் அறுந்தால் மாற்றிக்கொண்டு மதியச் சாப்பாட்டுக்குள் சாலைக்கு வந்துவிடலாம். இன்றைய கார்களில் விளக்கு எரிந்தாலே கணினியைச் செருக வேண்டியிருக்கிறது என்று போமன்கள் முணுமுணுப்பது வெறும் பழம்பெருமை இல்லை, தொழில் கணக்கு.

1992-இல் சாகா முகம் மாறி இஸ்வாரா ஆனது. 1993-இல் புரோட்டோன் வீரா வந்தது. 1994-இல் பெரோடுவா கன்சில் வந்து மலிவுக் கார் என்ற இடத்தைப் பிடுங்கிக்கொண்டது. (கன்சில் எந்தக் காரின் பிள்ளை என்று உங்களுக்கே தெரிந்திருக்கும். டைஹாட்சு மிரா.) 1996-இல் புரோட்டோன் இங்கிலாந்தின் லோட்டஸைக் கையில் எடுத்தது, 2017-இல் சீனாவின் ஜீலி வந்து புரோட்டோனின் 49.9 விழுக்காட்டை எடுத்தது. இத்தனைக்கும் நடுவில், 1985-இல் ஷா ஆலமில் தொடங்கிய அந்தப் பழைய உடம்பு இஸ்வாராவாகவும் பிறகு மறுபடி சாகாவாகவும் 2008 வரை ஆலையிலிருந்து வந்துகொண்டே இருந்தது. ஃபியோரேயை ஜப்பான் எப்போதோ மறந்துவிட்டது.

2008 ஜனவரியில் புது சாகா வந்தது. போட்டியில் பெரிய தகராறு கிளப்புவது இதுதான். பெயர் சாகா, உள்ளே மிட்சுபிஷி எஞ்சின் இல்லை. லோட்டஸோடு சேர்ந்து புரோட்டோனே உருவாக்கிய கேம்ப்ரோ. உடம்பும் வேறு. “முதல் சாகாவுக்கு எந்த எஞ்சின்?” என்ற கேள்வியில் ‘முதல்’ என்றால் 1985-ஆ, அல்லது புது வரிசையில் முதலாவதா என்று இளவட்டம் ஒன்று மடக்கும். கிழவர்கள் அதைச் சாகா என்றே ஒப்புக்கொள்வதில்லை. இளசுகள், சொந்த எஞ்சின் வந்த பிறகுதான் அது தேசியக் கார் என்று வாதாடுவார்கள். இரண்டு பக்கமும் நியாயம் இருப்பதால் கேள்வி எழுதுகிறவர் வருஷத்தையும் சேர்த்து எழுதிவிடுவது நல்லது. இல்லையென்றால் அடுத்த கேள்விக்குப் போவதற்குள் ஒட்டுக்கடைக்காரர் நாற்காலியை அடுக்கத் தொடங்கிவிடுவார்.